வெண்மதி அழிக்காத படங்கள்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஜெராக்ஸ் மிஷின் தெரியும். என் பேர் சென்றாயன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஜெராக்ஸ், லேமினேஷன். பின்பக்கம் ஒரு மேஜை, ஒரு ஃபேன், வெண்மதி. அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே என் தொண்டைத் தண்ணி வற்றிப்போகும். டிவி ரிப்பேருங்களா என்பான் ஒருத்தன். ஆதார்ல பேரு மாத்துவாங்களா என்பாள் இன்னொருத்தி. நான் எரிந்து விழுவேன். வெண்மதி விழமாட்டாள். எதிரே இருக்கிற இ-சேவை மையத்தைக் கை காட்டிவிட்டு மறுபடி திரையைப் பார்க்கத் திரும்பிவிடுவாள்.

அவள் வேலை இதுதான். கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், மாங்கன்று நர்சரி என்று இந்தப் பக்கத்தில் வெப்சைட் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய சைட் எல்லாம் எங்கோ ஓர் ஊரில் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் வாடகைக்குக் குடியிருக்கின்றன. குடியிருக்கிற இடத்தில் தகராறு என்றால் சரிசெய்வது, சட்டிபானையோடு வேறு சர்வருக்குக் குடிமாற்றுவது, இதெல்லாம் வெண்மதி பொறுப்பு. சொந்த ஊர் இண்டூர். தர்மபுரியில் படித்து, பெங்களூரில் ஒரு கம்பெனியில் சில வருஷம் இதே வேலையைச் செய்தாள். அப்பாவுக்குக் கிட்னி போனதும் ஊருக்கு வந்தாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் பெங்களூர் போகவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால், "அண்ணா, உங்க மிஷின்ல பேப்பர் சிக்கிக்கிச்சு பாருங்க" என்பாள். போய்ப் பார்த்தால் சிக்கியிருக்காது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் திறந்து பார்க்காமல் அழிக்கமாட்டாள். குப்பை என்று தெரிந்தாலும் ஒருதரம் திறப்பாள். நேரம் போகிறதே என்று நான் முணுமுணுத்தால், "அழிக்கறது ஒரு நிமிசம்ங்கண்ணா. அழிச்சது வராதுங்களே" என்பாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பழக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

அவள் பார்த்துக்கொள்கிற சைட்டுகளில் ஒன்று வழித்துணை இல்லத்துடையது. தொப்பூர் கணவாயில் லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற இடத்தில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்த இல்லம். நடத்துகிறவர் ஆரோக்கியராஜ். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். மனநிலை சரியில்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பி, எந்த லாரியிலோ ஏறி, எந்த டீக்கடையிலோ இறக்கிவிடப்பட்டு, அழுக்கும் சடையுமாக ரோட்டோரம் நடக்கிறவர்கள் அந்தக் கணவாயில் எப்போதும் இருப்பார்கள். ஆரோக்கியராஜ் அவர்களைக் கூட்டிவந்து, முடி வெட்டி, குளிப்பாட்டி, சோறு போட்டு, ஒரு போட்டோ எடுத்துச் சைட்டில் போடுவார். வடக்கே எங்கேயோ இருக்கிற குடும்பம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ரயிலேறி வந்து கட்டிப்பிடித்து அழுதிருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் படங்களைப் பார்க்கத்தான் பாஞ்சாலி எங்கள் கடைக்கு வருவாள். பாலக்கோடு பக்கத்துக் கிராமம். தக்காளியை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து வருவாள். புருஷன் மாது நல்ல உழைப்பாளி. நடுவில் மனசு கலங்கிப்போய், ராத்திரி பகல் தெரியாமல் நடக்க ஆரம்பித்தார். ரெண்டு மூன்று முறை காணாமல் போய்த் தானாக வந்தார். கடைசியாகப் போனவர் வரவில்லை. மகன் ராஜா போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவான்தான். ஆனால் பாஞ்சாலிக்குப் பெரிய திரையில் பார்த்தால்தான் மனசு ஆறும். "கண்ணு, புதுசா யாராச்சும் வந்திருக்காங்களா பாரு" என்று வெண்மதி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். அடையாளம் கேட்டால் அதே பதில்தான். "எடது கையில ரெண்டு வெரலு பாதிதான் இருக்கும். மாட்டுக்குத் தட்டு வெட்டற மிஷின்ல போயிருச்சு."

வெண்மதி அவளுக்காக இல்லத்துக்கே போன் போட்டுக் கொடுத்தாள். பாஞ்சாலி அடையாளத்தைச் சொல்லி, "இந்த மாதிரி ஆளு அங்க இருக்காருங்களா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஆரோக்கியராஜ், "இல்லீங்கம்மா, அப்பிடி யாரும் இல்லீங்க" என்றார். அதற்கப்புறமும் பல தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். பாஞ்சாலி கழுத்தில் தாலி, நெற்றியில் பெரிய பொட்டு. ஆடிப் பெருக்கு தவறாமல் மஞ்சள் கயிறு மாற்றுவாள். அவளிடம் போய் வேறு மாதிரி ஒரு கேள்வியை எடுக்க எங்கள் ரெண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

இந்த மார்கழியில் பிரச்சினை ஆரம்பித்தது. இல்லத்தின் சைட் குடியிருந்த சர்வர் பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியுடையது. இந்த மாதக் கடைசியோடு கடையைக் கட்டுகிறோம், உங்கள் சைட்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்று மெயில் அனுப்பிவிட்டான். எடுக்காவிட்டால் எல்லாம் போய்விடும். வெண்மதி வேறு சர்வரில் இடம் பிடித்தாள். மூட்டை கட்ட உட்கார்ந்தாள். பாதியில் நின்றுவிட்டது. 'டிஸ்க் கோட்டா எக்ஸீடட்' என்று சிவப்பில் ஒரு வரி.

"அப்பிடின்னா என்னம்மா?"

"இவ்வளவு எடந்தான்னு நமக்கு அளந்து குடுத்திருக்காங்கண்ணா. அதுக்கு மேல ஒரு பொட்டு வெக்க முடியாது. நாம மூட்டை கட்டறோம்ல, அந்த மூட்டையும் அதே ரூமுக்குள்ளதான் வெக்கணும். அதுக்கு எடமில்ல."

அப்படியானால் மூட்டை கட்டாமல் சாமானை ஒவ்வொன்றாக எடுத்துப் போக வேண்டியதுதானே என்றேன். சிரித்தாள். அதைத்தான் செய்தாள். பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு நேராக இழுத்தாள். கொஞ்ச தூரம் ஓடிற்று. அப்புறம் புதிய இடத்திலும் அதே சிவப்பு வரி. வெண்மதிக்கு முகம் சுருங்கிவிட்டது. வேண்டாத மெயில்கள், பழைய பதிவுகள் எல்லாவற்றையும் திறந்து பார்த்துத் துடைத்தாள். அப்படியும் அடங்கவில்லை.

"இல்லத்து ஆளுங்க படமெல்லாம் சேத்தாலே கொஞ்சம்தாங்கண்ணா வரும். ஏத்தும்போதே தானா சின்னதாயிரும். அப்புறம் எது இவ்வளவு எடத்தை அடைக்குது?"

ஃபோல்டர் ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்று கேட்டு ஒரு கட்டளை அடித்தாள். வரிசையாக வந்தது. மற்றதெல்லாம் சின்னச் சின்ன எண். ஒன்று மட்டும் மலை மாதிரி நின்றது. ஆங்கில எழுத்தில் 'கல்லறை' என்று பேர். சைட்டில் எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி இல்லை.

அப்போதே ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். கல்லறைன்னு ஒண்ணு இருக்கே, என்னதுங்கண்ணா அது என்று கேட்டாள்.

"அது செத்தவங்க படம்மா" என்றார். "ரோட்டுல கெடக்கறதை போலீஸ் ஸ்டேஷன்லருந்து கூப்புட்டுக் குடுப்பாங்க. கொஞ்ச பேரு இங்க வந்த அன்னிக்கே போயிருவாங்க. கேக்க ஆளில்லைன்னா நாமதான பொதைக்கணும். மூஞ்சி, கையி, துணி எல்லாம் போட்டோ எடுப்பேன். பொதைக்கறதை வீடியோவும் எடுப்பேன். என்னைக்காச்சும் சொந்தக்காரங்க வந்தா, அநாதையாப் போடல, முறையாத்தான் அனுப்புனோம்னு காட்டணுமில்ல. போன்ல வெச்சா தொலஞ்சிரும்னு, சைட்டை மொதல்ல செஞ்ச அருள்குமார்தான் அங்க போடச் சொல்லிக் குடுத்தான்."

"எல்லாரும் பாக்கற பக்கத்துல ஏங்கண்ணா போடல?"

"உசுரோட இருப்பாங்கன்னு நெனச்சுத் தேடி வர்ற எடத்துல எப்பிடிம்மா பொணத்தைக் காட்டறது? மனசு வரல." பிறகு அவரே சொன்னார். "இத்தனை வருசத்துல ஒருத்தரும் கேட்டு வரலம்மா. எடம் பத்தலைன்னா அதை அழிச்சுரு. இருக்கறவங்க படம் போயிச் சேரணும், அதான் முக்கியம்."

நானாக இருந்தால் அழித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். வெண்மதி திறந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். நான் பார்க்கவில்லை. எனக்கு அதெல்லாம் ஆகாது. மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மவுஸ் சத்தம் நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தால் அவள் ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு கை. இடது கை. ரெண்டு விரல் பாதிதான் இருந்தது.

அடுத்த படத்தில் முகம். பாஞ்சாலி எத்தனையோ முறை எங்களுக்குக் காட்டிய கல்யாணப் போட்டோவில் இருந்த அதே முகம்தான், தாடியோடு. படத்தில் இருந்த தேதியைப் பார்த்தோம். மூன்று வருஷத்துக்கு முந்தையது. பாஞ்சாலி இந்த ஸ்டூலில் வந்து உட்கார ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மாது மண்ணுக்குள் போய்விட்டார். அவள் இருக்காரா என்று கேட்டாள். ஆரோக்கியராஜ் இல்லை என்றார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சாவு என்கிற வார்த்தையை ஒருத்தருக்கொருத்தர் வாயில் எடுக்காமல் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான். புதைத்த அத்தனை பேரில் ஒருத்தருடைய விரல் அவருக்கு நினைவில் நின்றிருக்காது.

வெண்மதி முதலில் அந்தப் படங்களையும் வீடியோக்களையும் தன் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கினாள். அப்புறம் கூடப் பணம் கட்டிப் புதிய சர்வரில் இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டாள். அதுவரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது சண்டைதான்.

ஏனென்றால் ராஜாவுக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். "இப்ப வாயைத் தொறக்காதே" என்றேன். "கல்யாணம் முடியட்டும். மூணு வருசம் பொறுத்த விசயம் இன்னும் பத்து நாள் பொறுக்காதா? இப்ப சொன்னா அந்தப் பொம்பளை பொட்டையும் பூவையும் எடுத்துட்டு ஒதுங்கி நிக்கணும். பெத்த மகனுக்கு மாலை எடுத்துக் குடுக்க வுடமாட்டாங்க."

"தெரியுங்கண்ணா."

"தெரிஞ்சுமா?"

"அவங்க மறுபடி வந்து, புதுசா யாராச்சும் இருக்காங்களான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"இல்லைன்னு சொல்லு."

"அதைத்தான எல்லாரும் சொல்லிட்டிருந்தோம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இவளுக்கென்ன தெரியும், ஊர் வாயைப் பார்த்திருக்கிறாளா என்று கத்தினேன். லேமினேஷனுக்கு வந்தவர் பயந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

பாஞ்சாலி ரெண்டு நாள் கழித்து வந்தாள். புதுச் சேலை, தலை நிறைய கனகாம்பரம், கையில் மஞ்சப்பை. எனக்கும் வெண்மதிக்கும் தனித்தனியாகப் பத்திரிகை வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். மாது, பாஞ்சாலி ஆகியோரின் மகன் என்று அடித்திருந்தது. மாது பேருக்கு முன்னால் இருக்கிறவர்களுக்குப் போடுகிற 'திரு'தான் இருந்தது. பத்திரிகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மிஷின் மேல் வைத்தேன், கீழே விழுந்தது, எடுத்தேன்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒருக்கா பாத்துரலாம் கண்ணு. கல்யாணத்துக்குள்ள கெடச்சுட்டாருன்னா எவ்வளவு நல்லாருக்கும்."

வெண்மதி திரையைத் திறக்கவில்லை. எழுந்து வந்து பாஞ்சாலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நாம இத்தனை நாள் இருக்கறவங்க படத்தை மட்டுந்தான் பாத்தோம்" என்றாள்.

பாஞ்சாலிக்குப் புரிந்துவிட்டது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. தெருவைப் பார்த்தாள். கதவை நான் சாத்தினேன்.

"அவருதானா?"

"வெரலைப் பாத்தேங்கக்கா."

"எங்க?"

"தொப்பூர்ல. மூணு வருசம் ஆச்சு. ஸ்டேஷன்லருந்து இல்லத்துல குடுத்திருக்காங்க. அடக்கம் பண்ணுன வீடியோ இருக்கு. இப்ப பாக்க வேண்டாம்னா வேண்டாங்கக்கா. அது எங்கயும் போவாது. நான் வெச்சிருக்கேன்."

"காட்டு" என்றாள் பாஞ்சாலி.

நானும் பார்த்தேன். இந்த முறை திரும்பிக்கொள்ள முடியவில்லை. வெள்ளைத் துணி சுற்றிய உடம்பு. ஆரோக்கியராஜ் தோளில் துண்டோடு குனிந்து வாய்க்கரிசி போடுகிறார். கொஞ்சம் பால் ஊற்றுகிறார். பிறகு நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஜெபம் சொல்கிறார். எந்தச் சாமியைக் கும்பிட்டவரோ தெரியாததால் ரெண்டும் செய்வாராம். "யாரு பெத்த புள்ளையோ, நல்லபடியாப் போயி வாப்பா" என்று அவர் சொல்வது காற்று இரைச்சலோடு கேட்டது. மண் தள்ளினார்கள். வீடியோ முடிந்தது.

பாஞ்சாலி அலறுவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உடம்பு குலுங்க உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் அடங்கியதும் சொன்னாள்.

"அமாவாசை தவறாம எலை போட்டனே கண்ணு. மாமனாருக்கு வெச்சேன். மாமியாருக்கு வெச்சேன். அவரு உசுரோட இருக்காருன்னு அவருக்கு ஒரு வாய் வெக்கலையே. மூணு வருசமா எங்க வூட்டு வாசல்ல பசியோட நின்னிருப்பாரு. பசி தாங்கமாட்டாரு அவரு."

வெண்மதி அழுதாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளுடைய அப்பா செத்தபோதுகூட என் எதிரில் அழுததில்லை. நான் கதவைப் பார்த்து நின்றுகொண்டேன். என்னத்தைச் சொல்ல, எனக்கும் கண் மறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் ஆம்னி வேனில் எல்லோரும் தொப்பூர் போனோம். பாஞ்சாலி, ராஜா, வெண்மதி. இல்லத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வரிசையாக மண்மேடுகள், தலைமாட்டில் நம்பர் எழுதிய கல். பாஞ்சாலி விடியற்காலையில் எழுந்து சமைத்துக் கொண்டுவந்திருந்தாள். ராகிக் களி, கொள்ளுக் குழம்பு, கத்தரிக்காய். இலையைப் போட்டு எல்லாவற்றையும் அள்ளி அள்ளி வைத்தாள். ஒரு ஆள் சாப்பிடுகிற அளவா அது? ராஜா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். கழுத்துக் கயிற்றை அவளே கழற்றி மண்ணில் வைத்தாள். ஒருத்தரையும் கிட்டே விடவில்லை.

ஆரோக்கியராஜ் தள்ளி நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "அம்மா, நீங்க போன் பண்ணப்ப எல்லாம் நான்தாம்மா பேசுனது" என்றார்.

"நீங்க வாய்க்கரிசி போட்டீங்க சாமி" என்றாள் பாஞ்சாலி. "உங்களைக் கோவிச்சுக்கிட்டா எனக்கு அடுக்குமா? ஆனா ஒண்ணு செய்யுங்க. அந்தப் படங்களையும் எல்லாரும் பாக்கற மாதிரி போடுங்க. என்னை மாதிரி எத்தனை பேரு சோறு வெக்காம கெடக்காங்களோ."

அவர் வெண்மதியைப் பார்த்தார். வெண்மதி போடுகிறேன் என்று தலையாட்டினாள். அந்த வாரமே போட்டாள். முதலில் இருக்கிறவர்கள் பக்கம். அதற்குக் கீழே, இறந்தவர்கள் படம், பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத் திறக்கிற மாதிரி இன்னொரு பக்கம். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்கிறவர்களுக்குக் கையும் துணியும் மட்டும். பழைய சர்வர் சொன்ன நாளில் மூடிக்கொண்டது. அதில் இருந்து ஒன்றும் விட்டுப்போகவில்லை. இப்போது கன்னடத்திலும் தெலுங்கிலும் போன் வருகிறது. யாரோ ஒரு பெண், "இருக்காரா?" என்று கேட்கிறாள். வெண்மதி பெங்களூரில் கற்ற அரைகுறைக் கன்னடத்தில், ரெண்டு பக்கத்தையும் பார்த்தீர்களா என்று மெதுவாகக் கேட்கிறாள். அப்புறம் அந்தப் பக்கம் பேசும்வரை காத்திருக்கிறாள்.

கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று ராஜா கேட்டானாம். பாஞ்சாலி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் ஆன சாவு, தீட்டுக்குத் தலைமுழுகிவிட்டுச் செய்யலாம் என்று பங்காளிகளும் சொல்லிவிட்டார்கள். குறித்த நாளில் பாலக்கோட்டு மண்டபத்தில் நடந்தது. நான் நினைத்த மாதிரியேதான் ஆயிற்று. தாலித் தட்டு தொட்டுக் கும்பிட ஒவ்வொருவரிடமும் வந்துகொண்டிருந்தது. பாஞ்சாலி பக்கம் வருவதற்குள் அவளே எழுந்து உள்ளே போய்விட்டாள். வெற்று நெற்றி, வெற்றுக் கழுத்து. ஒருத்தரும் தடுக்கவில்லை. பெற்றவளை ஒதுக்கிவைத்து ஒரு கல்யாணமா என்று எனக்கு உச்சந்தலை கொதித்தது. அதைவிடக் கோபம் வெண்மதி மேல். பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

வெண்மதிக்கும் அதே எண்ணம் ஓடியிருக்கும் போல. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. எழுந்து பந்தி நடக்கிற இடத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பாஞ்சாலி அங்கே இலைக்கு இலை என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் கல்யாணம் முடிஞ்சு சொல்லியிருக்கலாம்" என்றாள் வெண்மதி. "அவசரப்பட்டுட்டேன். இன்னிக்கு மேடையில நின்னிருப்பீங்க."

பாஞ்சாலி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நின்னிருப்பேன் கண்ணு. அங்க அவரு பசியோட கெடக்கையில, இங்க ஊரு சனத்துக்கெல்லாம் பந்தி போட்டுட்டு நின்னிருப்பேன்."

சொல்லிவிட்டு வெண்மதியின் தோளை அழுத்திக் காலியாக இருந்த ஓர் இலைக்கு முன்னால் உட்காரவைத்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்து, சோற்று வாளிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.